பேரிடர் வருமுன் பொத்தானை அழுத்திப் பார்ப்பது யார்?

2004 டிசம்பர் 26 காலை பொங்கி வந்த கடல் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தண்ணீர் வடிந்ததும் இன்னொரு தவிப்புத் தொடங்கியது. எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், யாரை இன்னும் காணவில்லை, வந்திறங்கிய நிவாரணப் பொருள் எந்தக் களஞ்சியத்தில் கிடக்கிறது என்ற விவரங்களெல்லாம் கொப்பிகளிலும் துண்டுக் காகிதங்களிலும் சிதறிக் கிடந்தன. கொழும்பின் மென்பொருள் பொறியியலாளர்களும் மாணவர்களும் ஒன்றுகூடி, சில வாரங்களுக்குள் அதற்கென ஒரு மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு, தேவையையும் உதவியையும் இணைக்கும் பகுதி என்று அது வளர்ந்தது. அதன் பெயர் சஹானா. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதைத் தாங்கிப் பிடித்தது. சமிந்திர டி சில்வா அதன் வளர்ச்சியை முன்னின்று நடத்தினார்.

சஹானா திறந்த மூல மென்பொருள். யாரும் இலவசமாக எடுக்கலாம், நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். அதனால் அது கொழும்போடு நிற்கவில்லை. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவும் யோக்யகார்த்தா நிலநடுக்கமும், 2007இல் பெரு, 2010இல் ஹெய்ட்டி என்று பேரிடர் நடந்த இடமெல்லாம் போனது. நியூயோர்க் நகரம் புயற்காலத் தங்குமிடங்களைத் திட்டமிட அதைக் கையிலெடுத்தது. ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் சமூகப் பயனுள்ள திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விருதை சஹானாவுக்கு வழங்கியது. பின்னர் பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்ட வடிவத்துக்கு சஹானா ஈடன் என்று பெயர்.

இந்த வகை மென்பொருளுக்கு ஒரு விசித்திரமான தலைவிதி உண்டு. வங்கிச் செயலியைத் தினமும் இலட்சக்கணக்கானோர் தொடுகிறார்கள். பிழை இருந்தால் மதியத்துக்குள் தெரிந்துவிடும். பேரிடர் மென்பொருளோ மாதக்கணக்கில் சும்மா கிடந்து, நாட்டின் மிக மோசமான நாளில் திடீரென்று வேலைக்கு அழைக்கப்படும். அன்று அதன் முன் அமர்பவர் பெரும்பாலும் அந்தத் திரையை முதல் தடவையாகப் பார்க்கும் தன்னார்வலர். களனி கங்கை பெருகிய 2016 மே மாதம் போன்ற ஒரு நாளில் ‘சேமி’ என்ற பொத்தான் வேலை செய்யாவிட்டால், காரணம் தேட அவருக்கு நேரமும் இராது, பயிற்சியும் இராது. ஆகவே அந்தப் பொத்தானை முன்கூட்டியே யாரோ ஒருவர் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். அந்த ‘யாரோ’ இன்று ஒரு நிரல். அந்த நிரலை நம்பத்தக்கதாக ஆக்குவது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

மூன்று ஆண்டுகளா, பதினைந்து நிமிடமா?

மனிதரே உட்கார்ந்து சோதித்தால் என்ன? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு படிவத்தில் 13 தெரிவுகள். ஒவ்வொன்றிலும் 3 வகை. பால், வயதுப் பிரிவு, உடல்நிலை, மொழி என்று முகாம் படிவங்கள் இதைவிட நீளமாகவே இருக்கும். அத்தனை சேர்க்கைகளையும் எண்ணினால் 1,594,323 வரும். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும், இரவு பகல் தூங்காமல் சோதித்து முடிக்க மூன்று ஆண்டுகள் தாண்டிவிடும்.

இயந்திரத்துக்குக்கூட அது வீண் வேலை. இங்கே கணிதம் ஒரு வியப்பான வழி காட்டுகிறது. எல்லாச் சேர்க்கைகளையும் விட்டுவிட்டு, எந்த இரண்டு தெரிவுகளை எடுத்தாலும் அவற்றின் எல்லா இணைகளும் ஒரு தடவையாவது வந்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அதே படிவத்துக்கு 15 சோதனைகள் போதும்! ஒவ்வொரு சோதனையும் ஒரே நேரத்தில் 78 இணைகளைச் சரிபார்ப்பதால் இது கைகூடுகிறது. அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் ரிக் குன்னும் அவரது சக ஆய்வாளர்களும் பலவகை மென்பொருள்களின் கோளாறுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு காரணிகள் சேரும்போதே வெளிப்பட்டன. அவர்கள் பார்த்தவற்றில் ஆறுக்கு மேற்பட்ட காரணிகள் தேவைப்பட்ட கோளாறு ஒன்றுமில்லை. எனவே சோதனையின் தரம் எண்ணிக்கையைவிடத் தெரிவில்தான் தங்கியிருக்கிறது.

அந்தப் பதினைந்தும் ஒருமுறை நடத்தி முடிகிற வேலை அல்ல. திறந்த மூலத் திட்டத்தில் நிரலை மாற்றுபவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள். ஒருவர் இடப்பெயர் தேடும் பெட்டியைச் சீர்செய்வார். அதே பெட்டியைப் பயன்படுத்தும் முகாம் படிவம் வேறொரு மூலையில் உடைந்துபோகும். மாற்றம் வரும் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க மனிதப் பொறுமை இடங்கொடுக்காது.

விரல் இல்லாத சொடுக்கு

கடல் பொங்கிய அதே 2004இல், சிக்காகோவில் தோட்வேர்க்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஜேசன் ஹக்கின்ஸ், ஒரே இணையப் படிவத்தைத் திரும்பத் திரும்பக் கையால் சோதித்து அலுத்துப்போய் ஒரு கருவியை எழுதினார். அதுதான் செலீனியம். திறந்த மூலமாக வெளியான அது, இணையப் பக்கங்களைத் தானாகச் சோதிப்பதற்கு உலகம் முழுதும் கையாளும் கருவியானது. சஹானா ஈடனின் திரைச் சோதனைகளும் அதைக்கொண்டே எழுதப்பட்டன.

முதல் செலீனியம், சோதிக்கப்படும் பக்கத்துக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட் நிரலாகப் புகுந்து வேலை செய்தது. ஆனால் ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தில் கைவைக்கக் கூடாது என்பது பிரவுசரின் அடிப்படைப் பாதுகாப்பு விதி. அந்த விதி செலீனியத்தின் கையையும் கட்டிப்போட்டது. சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர் வேறு வழியில் போனது. அது பக்கத்துக்கு வெளியே நின்று, பிரவுசருக்கே கட்டளையிடுகிறது. “இந்தப் பெட்டியைக் கண்டுபிடி”, “இந்த எழுத்துகளைத் தட்டு”, “இந்தப் பொத்தானைச் சொடுக்கு”, “இப்போது திரையில் என்ன இருக்கிறது, சொல்” என்று சோதனை நிரல் ஒவ்வொன்றாக அனுப்பும். நடுவில் ஒரு சிறிய ஓட்டுநர் நிரல் அவற்றை வாங்கி குரோமுக்கோ ஃபயர்ஃபொக்ஸுக்கோ கொடுக்கும். பிரவுசர் தன் பதிலைத் திருப்பி அனுப்பும். இரு திட்டங்களும் இணைந்து 2011இல் செலீனியம் 2 வந்தது. 2018இல் வெப்டிரைவர், டபிள்யூ3சி அமைப்பின் அதிகாரபூர்வமான இணையத் தரமாகவே ஆனது. இன்று திரையே இல்லாத ஒரு சேர்வரில், பிரவுசர் யார் கண்ணிலும் படாமல் திறந்து, ஆயிரம் படிவங்களை நிரப்பி மூடிவிட முடியும்.

எளிமையான சோதனைகளும் பெரும் பயன் தரும். தளத்தின் ஒரு பக்கத்தில் தொடங்கி, காணும் இணைப்பையெல்லாம் பின்தொடர்ந்து, எங்காவது பிழைச் செய்தி வருகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எந்தப் படிவத்தின் அர்த்தமும் தெரியத் தேவையில்லை. ஆனாலும் நிருவாகி, முகாம் பொறுப்பாளர், பார்வையாளர் என்று வெவ்வேறு பயனராக உள்நுழைந்து அதை ஓடவிட்டால், யாருக்கு எந்தக் கதவு உடைந்து கிடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

புலி வருது

இவ்வளவு வசதி இருந்தும் பல திட்டங்களில் திரைச் சோதனைகள் எழுதப்பட்டு, சில மாதங்களில் கைவிடப்படுகின்றன. காரணம், அவை பொய் சொல்லத் தொடங்குவதுதான். நிரலில் ஒரு புள்ளிகூட மாறாதிருக்க, காலையில் தேறிய சோதனை மாலையில் தோற்கும். மறுபடி ஓட்டினால் தேறிவிடும். ‘புலி வருது, புலி வருது’ என்று கூவிய பையனின் கதைதான். நாலு தடவை பொய்யாக அலறிய சோதனை ஐந்தாம் தடவை உண்மையான வழுவைக் கண்டு அலறினாலும், “அது எப்பவும் அப்படித்தான்” என்று பொறியியலாளர் தள்ளிவிட்டுப் போவார்.

இந்தச் சிக்கல் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதைக் கணக்கு காட்டும். ஒரு சோதனை 1,000 தடவையில் ஒரே ஒரு தடவைதான் பொய் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல சோதனைதான். அப்படி 500 சோதனைகள் சேர்ந்தால், நிரலில் தவறே இல்லாதபோதும் பத்துத் தடவைக்கு நாலு தடவை ஏதோ ஒன்று சிவப்புக்கொடி காட்டும். கூகுள் 2016இல் வெளியிட்ட விவரப்படி, அங்கிருந்த சோதனைகளில் ஏறத்தாழ 16% ஏதோ ஓரளவுக்கு இப்படித் தடுமாறுபவை. தேறிக்கொண்டிருந்த ஒரு சோதனை திடீரென்று தோற்ற சந்தர்ப்பங்களில் 84% இத்தகைய தடுமாறும் சோதனைகளோடு தொடர்புபட்டவை.

தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது? 2014இல் வெளியான ஓர் ஆய்வு, அப்பாச்சி அமைப்பின் 51 திறந்த மூலத் திட்டங்களில் இப்படிப்பட்ட சோதனைகளைச் சீர்செய்த 201 திருத்தங்களை எடுத்துப் பார்த்தது. காரணம் வகைப்படுத்த முடிந்தவற்றில் 45%, காத்திருக்கத் தெரியாமையால் வந்தவை. திரையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இடப்பெயர்ப் பெட்டியில் ‘மட்’ என்று தட்டுகிறோம். பிரவுசர் அந்த எழுத்துகளைச் சேர்வருக்கு அனுப்பி, பதில் வந்ததும் ‘மட்டக்களப்பு’ என்ற தெரிவைக் கீழே காட்டும். மனிதர் அது தெரியும்வரை காத்திருப்பார். அவருக்கு அது காத்திருப்பாகவே தோன்றாது. இயந்திரமோ அடுத்த நொடியின் ஒரு துணுக்கிலேயே, இன்னும் வந்திராத தெரிவைச் சொடுக்கப் பார்த்து, “இல்லை” என்று தோற்றுவிடும்.

அவசர வைத்தியமாக ‘ஐந்து விநாடி தூங்கு’ என்று எழுதுவார்கள். வேகமான கணினியில் அந்த ஐந்து விநாடி வீண். மெதுவான கணினியில் அதுவும் போதாது. சரியான வழி, எவ்வளவு நேரம் என்பதை விட்டுவிட்டு எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்வது. ‘மட்டக்களப்பு என்ற வரி தெரியும்வரை பார், பத்து விநாடியில் வராவிட்டால் மட்டும் தோல்வி’ என்றால், செலீனியம் அரை விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, வந்த உடனே நகர்ந்துவிடும். 2020இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட பிளேரைட் போன்ற பின்வந்த கருவிகள் இந்தக் காத்திருப்பைத் தாமாகவே செய்துகொள்கின்றன. இன்னொரு முக்கியமான ஒழுக்கமும் உண்டு. ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டிய தரவைத் தானே உண்டாக்கி, முடிந்ததும் அழித்துவிட வேண்டும். முந்திய சோதனை விட்டுப்போன முகாமை நம்பி அடுத்தது ஓடினால், வரிசை மாறும் நாளில் இரண்டும் விழும்.

பெயரால் அழைப்பதா, இடத்தால் அழைப்பதா?

திரையில் ஒரு பொத்தானை இயந்திரம் எப்படி அடையாளம் காண்கிறது? ‘இரண்டாவது அட்டவணையில் மூன்றாவது வரிசையின் முதல் கட்டம்’ என்று இடத்தைச் சொல்லலாம். யாராவது மேலே ஒரு வரிசையைச் சேர்த்தால் கதை முடிந்தது. ‘சேமி என்று எழுதியிருக்கும் பொத்தான்’ என்று சொல்லலாம். பயனர் மொழியை மாற்றினால் அதுவும் தவறும். நிரலுக்குள் அந்தப் பொத்தானுக்கு நிலையான ஓர் அடையாளப் பெயர் இருந்தால், அதுவே உறுதியான பிடி.

சஹானா ஈடனுக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு. அதன் படிவங்களில் பெரும்பாலானவற்றை ஒருவர் கையால் வரைவதில்லை; தரவு அட்டவணையின் வரையறையிலிருந்து அவை தாமாகப் பிறக்கின்றன. நபர் என்ற அட்டவணையில் முதற்பெயர் என்ற புலம் இருந்தால், அந்த இரண்டு பெயர்களும் சேர்ந்து திரையிலுள்ள பெட்டியின் அடையாளமாகிவிடும். ஆகவே ஒரு படிவத்தை நிரப்பும் வித்தையை ஒருதடவை பொதுவாக எழுதிவிட்டால், நூறு படிவங்களுக்கு அது உதவும். மறுபக்கத்தில் ஒரு சிக்கலும் உண்டு. செஞ்சிலுவைச் சங்கங்கள் ஈடனை ஒரு வடிவத்தில் பயன்படுத்தும். ஒரு நகரசபைக்கு இன்னொரு வடிவம் தேவைப்படும். ஒரு வடிவத்தில் உள்ள புலம் மற்றதில் மறைந்திருக்கும். நல்ல சோதனை, தான் எந்த வடிவத்துக்குள் ஓடுகிறது என்பதை முதலில் கேட்டறிந்து, இல்லாத புலத்தைத் தேடி அலறாமல் தாண்டிப்போகத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் பலரும் பரிந்துரைக்கும் வழி இன்னும் அழகானது. பொத்தானை, ‘இது பொத்தான், இதன் பெயர் இன்னது’ என்று பிரவுசர் வைத்திருக்கும் அணுகல்தன்மைப் பட்டியலிலிருந்து தேடுவது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் படிப்பதும் அதே பட்டியலைத்தான். அவுஸ்திரேலியாவில் பிறந்த என்விடிஏ என்ற திறந்த மூலத் திரைவாசிப்பான் அதற்கு நல்ல உதாரணம். வெறும் படத்தை வைத்துப் பெயர் கொடுக்காமல் விட்ட பொத்தானைச் சோதனை நிரலும் காணாது. பார்வையற்ற பயனரும் காணமாட்டார். சோதனைக்காக அந்தப் பெயரை இடும்போது இருவருக்கும் கதவு திறக்கிறது.

‘கொழும்பு’க்கு எட்டா, ஒன்பதா?

1987இல் வந்த 13ஆம் திருத்தத்துக்குப் பின் இலங்கையில் தமிழும் ஆட்சிமொழி. பொதுமக்களுக்கான மென்பொருள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஓடவேண்டும். தானியங்கிச் சோதனைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அப்படி எழுதினால் தமிழுக்கே உரிய வழுக்கள் கண்ணில் படாமலே தப்பிவிடும்.

‘கொழும்பு’ என்ற சொல்லை எடுங்கள். நமக்கு நாலு எழுத்து. யூனிகோட் முறையில் கணினிக்கு எட்டுக் குறிகள்: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி. ஆனால் அந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். முன்னே வரும் எகரக் கொம்பு, பின்னே வரும் கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். இரண்டாம் வகையில் ஒன்பது குறிகள் வரும். திரையில் இரண்டுக்கும் கடுகளவும் வேறுபாடு இல்லை. கணினி அப்படியே ஒப்பிட்டால், எட்டும் ஒன்பதும் வேறு சொற்கள். ‘கொட்டாஞ்சேனை’க்கும் இதே கதி. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சீரமைப்பு விதியை யூனிகோடே வகுத்திருக்கிறது. அதை நிரலாளர் நினைவாகப் பயன்படுத்த வேண்டும்.

அந்த விதிக்கும் எட்டாத சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘கௌரி’ என்ற பெயரை ஔகாரக் குறியோடும் எழுதலாம். எகரக் கொம்பையும் ‘ள’ என்ற தனி எழுத்தையும் போட்டுக் ‘கெளரி’ என்றும் தட்டலாம். பலர் இரண்டாவதைத்தான் தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். சீரமைப்பு விதிக்கு அவை உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துகள். இப்போது ஒரு முகாமில் முதல் வகையில் பதிந்த பெயரை, வேறொரு ஊரிலிருந்து தாய் ஒருத்தி இரண்டாம் வகையில் தேடுகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். திரை ‘எவருமில்லை’ என்று சொல்லும். நிரல் உடையவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. காணாமற்போனோர் பதிவேட்டில் இதைவிடக் கொடிய வழு வேறென்ன இருக்க முடியும்? ஆங்கிலத்தில் எழுதிய ஆயிரம் சோதனைகள் பச்சைக்கொடி காட்டிக்கொண்டேயிருக்கும். முதல் வகையில் பதிந்து, இரண்டாம் வகையில் தேடிப் பார்க்கும் ஒரே ஒரு தமிழ்ச் சோதனை இதைப் பிடித்துவிடும்.

நீளமும் ஒரு பிரச்சினை. ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் இரண்டு சொல்லாகும்; எழுத்து பெட்டியைத் தாண்டி வழியும், அல்லது பாதியில் வெட்டுப்படும். எழுத்தின் அகலம் பெட்டியின் அகலத்தை மீறுகிறதா என்பதைப் பிரவுசரிடமே கேட்டுவிடலாம். ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்கும் சோதனைக்குச் சில வரி நிரல் போதும்.

எதைச் சோதிக்காமல் விடுவது

திரைச் சோதனை மெதுவானது, செலவு மிகுந்தது. கூட்டல் கணக்கு சரியா என்று பார்க்கப் பிரவுசரைத் திறக்கத் தேவையில்லை. அந்தச் செயற்கூறை மட்டும் தனியே அழைத்துப் பார்த்தால் மில்லி விநாடிகளில் விடை தெரியும். மைக் கோன் 2009இல் எழுதிய நூலால் பரவலான சோதனைப் பிரமிட் சொல்வதும் இதுதான்: அடியில் சிறு சோதனைகள் ஏராளம், நடுவில் ஓரளவு, உச்சியில் திரைச் சோதனைகள் கொஞ்சம். சஹானா போன்ற ஒன்றுக்கு உச்சியில் இருக்கவேண்டியவை எவை என்பதைப் பேரிடரே சொல்லிவிடும்: ஒருவரைப் பதிவது, ஒருவரைத் தேடுவது, முகாமைத் திறப்பது, பொருளைக் கேட்பது, அனுப்புவது. இவை மூன்று மொழியிலும், மெதுவான இணைப்பிலும், சிறிய கைத்தொலைபேசித் திரையிலும் தவறாமல் ஓடவேண்டும். மற்றவை கீழ்த்தளத்துக்குப் போகட்டும்.

சோதனைகளால் வழு இருப்பதைக் காட்ட முடியும், வழுவே இல்லை என்று காட்ட முடியாது என்பதை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969லேயே சுட்டிக்காட்டிவிட்டார். படிவம் குழப்பமாக இருக்கிறதா, கேட்கும் கேள்வி துயரத்தில் இருப்பவரைப் புண்படுத்துமா என்பவற்றை எந்த இயந்திரமும் சொல்லாது. அதற்கு மனிதர் வேண்டும். சலிப்பூட்டும் வேலையை இயந்திரம் வாங்கிக்கொண்டால், அந்த மனிதருக்கு இதைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

இந்த வேலைக்கு வேண்டிய ஆட்களும் தொலைவில் இல்லை. கொழும்பின் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே போனால் கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்களைத் திறந்த மூலத் திட்டங்களோடு இணைப்பதற்காகக் கூகுள் சமர் ஒஃப் கோட் 2005இல் தொடங்கியது. அதன் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்கள் தேர்வானது அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கணினி படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். திறந்த மூலத் திட்டம் ஒன்றில் சேரப் பெரிய அம்சம் எதையும் எழுதத் தேவையில்லை. திரையைத் தமிழுக்கு மாற்றுங்கள். உங்கள் அம்மம்மாவின் பெயரைப் பதிந்து, எத்தனை விதமாகத் தட்டலாமோ அத்தனை விதமாகத் தேடிப் பாருங்கள். கிடைக்காமற்போகும் முதல் பெயரை ஒரு சோதனையாக எழுதி அனுப்புங்கள். அந்தச் சோதனையை எழுதத் தமிழ் தெரிந்தவர்களால்தான் முடியும்.